மல்லாந்து கிடந்த டிஷ்

அந்தக் கொத்தனாருக்குத் தெருவில் ரசமட்டம் என்று பெயர். எந்தச் சுவரைக் கண்டாலும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் மேடையில் வைத்துப் பார்ப்பார். சாய்ந்திருந்தால் சாப்பிட்ட பிறகு சொல்வார்.

தன் வீட்டு மாடியில் புதுத் தளம் போட டிஷ்ஷைக் கழற்றினார். தளம் பிரமாதமாக வந்தது. டிவி போனது.

மாமனாருக்குக் கால்பந்து இல்லாமல் முடியாது.

"சுவத்தப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பேன்? பெரியவன் வீட்டுக்கே போறேன்" என்று பெட்டியைக் கட்டினார்.

பெரியவன், அவருடைய மூத்த மகன், வீட்டில் பகலில் ஆள் கிடையாது. போன தடவை அங்கே தலைசுற்றி விழுந்தவர், சாயங்காலம் வரை தரையிலேயே கிடந்தார். அதனால்தான் மகள் இங்கே கூட்டிவந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் ஆட்டம். படம் வரலேன்னா அப்பா கிளம்பிடுவார். அப்புறம் என்கிட்ட பேசாதீங்க" என்றாள் கொத்தனாரின் மனைவி.

டிஷ்காரர் வெளியூரில் இருந்தார். "பக்கத்து வீட்டு டிஷ் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் திருப்புங்க மேஸ்திரி. சாய்வு அறுபது டிகிரி" என்று போனில் சொன்னார்.

கொத்தனார் கோணமானியும் தூக்குக்குண்டும் கொண்டு, தட்டின் முகம் மேலே பார்க்கும் கோணத்தை அளந்தார். மயிரிழை பிசகாமல் அறுபது. தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. தெருவில் மற்ற டிஷ்ஷெல்லாம் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றன. தெருவே தப்பாக வைத்திருக்கிறது என்று முடிவு செய்தார். பெரும்பான்மை மீது அவருக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. காற்றுக்கு ஆடக்கூடாதே என்று தாங்கி, திருகு எல்லாவற்றையும் சேர்த்து சிமெண்ட் கலவையால் மூடினார். இறுகும்வரை யாரும் டிவியைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

காலையில் கலவை இறுகிவிட்டது. சிக்னல் இல்லை.

"குருவி குளிக்கத் தொட்டி கட்டியிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

டிஷ்காரருக்கு மறுபடி போன்.

"தட்டோட முகத்தையா அளந்தீங்க? ஐயோ மேஸ்திரி! அது நிமிர்ந்து நின்னாலும் மேலேருந்துதான் சிக்னலை வாங்கும். அதோட அமைப்பு அப்படி. தாங்கியில நம்பர் போட்டிருக்கும் பாருங்க, அதுல அறுபது வைங்க."

"நம்பர் கலவைக்குள்ள இருக்கு."

டிஷ்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உளி இருக்கா?"

தன் கையால் பூசியதைத் தானே உடைத்த பழக்கம் அவருக்கு இல்லை. அவர் போட்ட கலவை அவருக்கே இளகவில்லை. ஓர் உளி மழுங்கியது. கீழே வாசலில் பெட்டியும் கையுமாக மாமனார் நின்றார்.

"மாப்ளே, பஸ் போயிடும்!"

"போகட்டும் மாமா!"

மழுங்காத உளி நம்பரை வெளியே கொண்டுவந்தது. அறுபதில் வைத்துத் திருகை முடுக்கினார். தட்டு தெருவோடு தெருவாக நிமிர்ந்து நின்றது. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் மட்டும் தட்டைப் பிடித்திருந்தார்.

"வரல... இன்னும் வரல... கையெடுங்க! வந்துடுச்சு!" என்று மனைவி கீழிருந்து கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் செம்போடு மேலே வந்தாள்.

"அப்பா உக்காந்துட்டார். நடுவரைத் திட்ட ஆரம்பிச்சாச்சு."

அவர் தண்ணீரைக் குடித்தார்.

"ஏங்க, சிமெண்ட் பூசலையா?"

"போட்டியெல்லாம் முடியட்டும்."