கம்பளிக்குள் இருந்த பேய்

என் அக்காவுக்குக் கல்யாணம் ஏன் தட்டிப் போகிறது என்று யாரும் காரணம் சொன்னதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், பலகாரம் தின்பார்கள், வண்டி ஏறிப் போவார்கள். அப்புறம் தகவலே இருக்காது. பொறுத்துப் பார்த்த அம்மா, மாதா கோயிலில் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். மூத்தவளுக்கு இடம் அமைகிற வரைக்கும் தானும் தன் இரண்டு பெண்களும் தலையில் எண்ணெய் வைப்பதில்லை என்று. நேர்ந்துகொண்டது என்னவோ அம்மாதான். எங்கள் தலையும் சேர்ந்து காய்ந்தது.

மேலே மலையில் வெள்ளைக்காரர்கள் பேரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா கூடலூர் வரைக்கும் சுண்ணாம்பு வண்டி ஓட்டினார். ஒரு தடவை திரும்பி வரும்போது ஒரு சீமைச் சீப்பு வாங்கிவந்தார். மாட்டுக் கொம்பு போலக் கறுப்பாகப் பளபளக்கும். ஆனால் கொம்பு இல்லை. ஏதோ மரத்துப் பாலை இறுக்கிச் செய்தது என்று அப்பா சொன்னார். பாலில் சீப்பா என்று அம்மா நம்பவில்லை. நம்பாவிட்டாலும் பெட்டியில் வைத்துக்கொண்டாள். எங்கள் தலைக்கு மரச்சீப்பே போதும், சீமைச் சீப்பு விருந்தாளிகளுக்கு.

தபசுகால நோன்பு முடிந்து பாஸ்குத் திருநாளும் கழிந்தது. கொல்லையில் இலவங்காய் வெடிக்கத் தொடங்கியது. இடம் அமைவதற்கு முன்பே அம்மா கல்யாணத் தலையணைக்குப் பஞ்சு சேர்த்தாள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு குச்சியால் பஞ்சை அடித்துக் கொட்டையைப் பிரிக்க வேண்டும். கதவைத் திறந்தால் எங்கள் பஞ்சு பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பறந்துவிடும்.

அந்த அறையில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். அம்மா அசந்து தூங்கிய ஒரு மத்தியானம், சீமைச் சீப்பை எடுத்து என் வறட்டு முடியைச் சீவினேன். முடி சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டு எழுந்து நின்றது. சீப்பைப் பஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே ஒரு துணுக்கு எம்பி வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிய கொஞ்ச நேரத்தில் என்ன கோபமோ, துள்ளி விலகியது. அப்புறம் சீப்பைக் கொண்டு துரத்தினாலும் கிட்டே வரவில்லை. விரலை நீட்டினால் விரலில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து எழுந்ததும் கோபம் தீர்ந்து மறுபடி சீப்புக்கே ஓடியது. முடி இல்லாவிட்டால் கம்பளியில் தேய்த்தாலும் போதும் என்பதையும் கண்டுகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வாய் திறந்து பேச வராது. இன்றைக்கும் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

டீச்சர் வேலைக்குப் படிக்கிற என் பேத்தி இப்போது விளக்கம் சொல்கிறாள். தேய்க்கும்போது சீப்பில் மின்சாரம் ஏறுகிறதாம். சீப்பு பக்கத்தில் வந்தாலே, தொடாமலே, பஞ்சுக்குள் இருக்கும் மின்சாரம் இடம் மாறி, சீப்புக்கு வேண்டியது இந்தப் பக்கமும் வேண்டாதது அந்தப் பக்கமுமாக ஒதுங்கிக்கொள்ளுமாம். அதனால் பஞ்சு ஓடி வருகிறது. தொட்டுவிட்டாலோ சீப்பில் இருப்பதே பஞ்சிலும் ஏறிவிடும். இரண்டும் ஒரே மாதிரி ஆனதும் ஒன்றையொன்று தள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. அன்றைக்கு இதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தேவாரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவும், அவர் தங்கையும் வந்தார்கள். அந்தப் பெரியவர் மலையடிவாரத்தில் ஆட்டுக் கிடை வைத்திருந்தவர். அந்தச் சித்திரை வெயிலிலும் தோளில் கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். அந்த அம்மாளோ வாசலில் இறங்கும்போதே எங்கள் வீட்டில் என்ன குறை இருக்கிறதென்று பார்த்துக்கொண்டுதான் இறங்கினார்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். வீட்டுப் பெண்களில் மூத்தவள் தன் கையாலே பெண்ணின் பின்னலை அவிழ்த்துச் சீவிப் பார்ப்பாள். முடி சொந்த முடியா, சவுரி வைத்ததா, பேன் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருப்தியானால் அவளே பின்னிப் பூ வைப்பாள். பூ வைத்துவிட்டால் சம்மதம். அம்மா ஓடிப் போய் சீமைச் சீப்பை எடுத்துவந்து பெருமையாகக் கொடுத்தாள். அந்தச் சீப்பு என்ன செய்யும் என்று எனக்குத்தான் தெரியும். பஞ்சறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு இழுப்பு இழுத்திருப்பார். அக்காவின் முடி படம் எடுத்த பாம்பு மாதிரி எழுந்து அந்த அம்மாளின் கையைச் சுற்றியது. சீப்பைப் போட்டுவிட்டு முன்கட்டுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, வண்டியப் பூட்டச் சொல்லுங்க. இந்தப் புள்ள தலையில என்னமோ குடியிருக்கு. முடி எந்திருச்சுக் கையப் பிடிக்குது, சடசடன்னு பேசுது!"

"பேசுதா? என்ன சொல்லுது?" என்றார் பெரியவர்.

"கேலி பண்ணாதீக. போன எடமெல்லாம் ஏன் தட்டிப்போச்சுன்னு இப்பத்தான தெரியுது!"

"மதினி, மாதா சத்தியமா அப்பிடியெல்லாம் இல்ல," என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அழவில்லை. விரித்த தலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சீப்பை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் நின்றிருந்தேன்.

"அக்கா இல்ல. சீப்பு," என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை. அதனால் என் தலையைச் சீவிக் காட்டினேன். என் முடியும் எழுந்து நின்றது.

"பாருங்க, சின்னதுக்கும் பிடிச்சிருக்கு! வீட்டுக்கே பிடிச்சிருக்கு!" என்று அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

காப்பாற்ற வந்தவள் இன்னும் கெடுத்துவிட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது கம்பளி.

"மாமா, அதக் குடுங்க."

பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கம்பளியை எடுத்து முழங்கால் மேல் விரித்தார். நான் அதில் சீப்பைத் தேய்தேய் என்று தேய்த்து, பாவாடையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். சீப்பை நீட்டினேன். பஞ்சு எம்பி வந்தது, தொட்டது, துள்ளி விலகி மிதந்து போய் அவர் மீசையில் உட்கார்ந்தது.

பெரியவர் வாயைப் பிளந்தார். தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட ஆத்தா! பேயி என் கம்பளிக்குள்ளயில்ல இருந்திருக்கு! இத்தன வருசமா இதப் போத்திக்கிட்டா தூங்குனேன்? ஏத்தா, இங்கன வா, நீயும் தேச்சுப் பாரு," என்று தங்கையைக் கூப்பிட்டார்.

வரமாட்டேன் என்றவர் வந்தார். தேய்த்தார். பஞ்சு தன் மேல் பாய்ந்ததும் அலறினார், அப்புறம் இன்னொரு தடவை தேய்த்தார். மூன்றாம் தடவை தேய்க்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தப் புள்ளைககிட்ட இருக்கறத விடப் பெரிய பேயி உங்ககிட்டதான் இருக்கு அண்ணே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மரச்சீப்பு கேட்டு வாங்கி அக்காவின் தலையைப் பின்னிப் பூ வைத்தார்.

சாயங்காலம் நேர்ச்சை தீர்ந்தது. மாதாவுக்கு மெழுகுதிரி, எங்கள் மூன்று தலைக்கும் வழிய வழிய நல்லெண்ணெய். சீமைச் சீப்பும் எண்ணெயில் ஊறிச் சாதுவாகிவிட்டது. நான் வருத்தப்படவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே தெரியாத ஒன்றை நான் காட்டிக்கொடுத்தேன் என்ற பெருமையே எனக்குப் பல வருஷம் சாப்பாடு மாதிரி இருந்தது.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு, ஒரு மார்கழிக்குத் தேவாரம் போயிருந்தேன். நல்ல பனி, ஆனால் மழை இல்லாத வறண்ட குளிர். விடியாத கருக்கலில் எழுந்து உட்கார்ந்தேன். எதிரே படுத்திருந்த பெரியவர் கம்பளியை உதறி எழுந்தார். படபடவென்று பொரிந்தது, மடிப்புக்குள் நீலமாகப் பொறி ஓடியது. பக்கத்தில் கிடந்த அக்காவின் பிள்ளை தூக்கக் கலக்கத்தில், "தாத்தா கம்பளி பொரியுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தினமும் கோழி கூவுவதைச் சொல்வது மாதிரிதான் சொன்னான்.

கிடைக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்தியே வயதானவர் அவர். பெண் பார்க்க வருவதற்கு முன்பே எத்தனை மார்கழியில் இந்தப் பொறியைப் பார்த்திருப்பார்! அன்றைக்கு ஒரு வார்த்தையில் தங்கையை அடக்கியிருக்கலாம். தானே தேய்த்துப் பார்த்துச் சிரிக்க விடாமல் அடக்கியிருந்தால், அக்கா வாழப்போகிற வீட்டில் அந்த அத்தையின் வாய் என்றைக்கும் அடங்கியிருக்காது.

நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்துவிட்டார். கம்பளியை அவசரமாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அதே பழைய ஆச்சரியத்தை முகத்தில் வரவழைத்தார்.

"ஏத்தா, ஒன் சீப்பு இன்னமும் வித்த காட்டுதா?"

சீப்பு பல் போய், எண்ணெய்ப் பிசுக்கேறி, எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது.

"காட்டுது மாமா," என்றேன்.