ஞானம் அக்காவின் முகவரிப் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை ஆரியசாலையில் பேருந்துக்கு நின்றிருந்தபோது வித்துராவிலிருந்து ஞானம் அக்காவின் தங்கை எஸ்தர் அழைத்தார். "அக்கா போயிட்டா," என்றார். நம் வாசகர் வட்டத்தின் செயலாளர் ஞானம் அக்கா தன் தங்கை வீட்டில் காலமானார். அங்கே அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

மாதக் கூட்ட அழைப்பை அக்கா அஞ்சலட்டையில் கைப்பட எழுதியே பழகியவர். கண் மங்கிய பிறகுதான் மின்னஞ்சலுக்குச் சம்மதித்தார். பழைய அலுவலகக் கணினியிலும் கைபேசியிலும் இருந்த முகவரிகளை ஒரே கோப்பாக்கி, அவற்றை மின்னஞ்சலில் ஏற்ற ஸ்ரீவராகத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்.

எது பெயர், எது முகவரி என்று திரை கேட்டது. நான் சரியாகப் பார்க்காமல் அழுத்திவிட்டேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் போய் உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் 'பாறசாலை' ஆகிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க பேரு வேணும், கேட்டியா. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து பண்ணு."

இம்முறை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். வேண்டாதவற்றை நீக்கிக்கொண்டே வந்தோம். எஸ்தர் பெயர் வந்ததும் நிறுத்தினேன். அம்மாவைக் கடைசி நாட்களில் யார் வைத்துப் பார்ப்பது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல். ஒன்பது ஆண்டுகளாகச் சகோதரிகளுக்குள் பேச்சில்லை.

"இத எடுத்திரட்டுமா அக்கா?"

"கெடக்கட்டு. கூட்டத்துக்குத்தானே கூப்பிடுதோம்," என்றார்.

முதல் அழைப்பு போன மறுநாள் போனில் கேட்டார்: "அவளுக்குப் போட்டது திரும்பி வந்துதா?"

"இல்லக்கா."

"அப்ப கிட்டியிருக்கும்."

அடுத்தடுத்த மாதங்களிலும் இதே கேள்வி, இதே பதில். பதில் மடல் மட்டும் வரவில்லை. நான்காம் மாதக் கூட்டத்தில், அக்கா தன் கட்டுரையைப் பாதி வாசித்திருந்தபோது, எஸ்தர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீதியையும் வாசித்து முடித்தார். பிறகு தேநீரை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையிடம் நீட்டினார்.

"பஸ் உடனே கிட்டுச்சா?"

"கிட்டுச்சு. மெலிஞ்சு போயிட்டே அக்கா."

அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. நாங்கள் நாற்காலிகளை அடுக்கி முடித்தபோதும் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நோய் முற்றியபோது எஸ்தரே வந்து அக்காவை அழைத்துப் போனார். கடைசி ஆறு மாதம் தங்கை கையால்தான் கஞ்சி.

நேற்று நினைவுக்கூட்ட அழைப்பை அனுப்ப உட்கார்ந்தேன். போன வருடம் என்னோடு சண்டையிட்டு வெளியேறிய நண்பர் ஒருவரின் பெயரை அன்றே நான் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன். அக்காவுக்கு அது தெரியும்; கேட்டதில்லை. அந்த முகவரியைத் தேடி எடுத்து மறுபடியும் சேர்த்தேன். பெயரில் எழுத்துப் பிழை இல்லையென்று இரண்டு முறை பார்த்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

அனுப்பிவிட்டேன். திரும்பி வரவில்லை.