மடியில் உட்காரும் தம்பி

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். நான் ஒரே பெண். படிப்பை முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செமினி பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நண்பரைப் பார்க்கப் போன அப்பா, திரும்பும்போது நாய்க்குட்டி ஒன்றோடு வந்தார். எஸ்டேட்டின் வெள்ளைக்கார மேனேஜர் சொந்த ஊருக்குக் கிளம்புகிறாராம். அவர் வீட்டு நாய் போட்ட குட்டி. நான்கு மாதம்தான் ஆகிறது என்றார்கள். அதற்குள் என் முழங்காலைத் தாண்டியிருந்தது. பழுப்பு உடம்பு, கரி பூசிய முகம், வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்த மாதிரி பெரிய பாதங்கள்.

“ஏங்க, இது இன்னும் வளருமா?” என்று அம்மா கேட்டார்.

“இதுக்கு மேல எங்க வளரப் போகுது லா,” என்றார் அப்பா.

வளர்ந்தது. கிரேட் டேன் என்ற அந்த ஜாதியின் பெயர்கூட எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரு வயதில் அதன் முதுகு எங்கள் சாப்பாட்டு மேசைக்குச் சமமாக வந்துவிட்டது. எனக்கு உடன்பிறப்பு இல்லாததால் நான் அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். வீடும் தெருவும் அதையே பிடித்துக்கொண்டன.

தம்பியைப் பார்த்துக்கொள்வது என் வேலையானது. பாசாரில் கோழிக் கழுத்தும் தலையும் வாங்கி, அரிசியோடும் பூசணியோடும் போட்டுப் பெரிய அண்டாவில் வேகவைப்பேன். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து தின்னச் சிரமப்பட்டதால், சட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்தோம். சாப்பிட்ட கையோடு ஓடவிடக் கூடாது, இந்த ஜாதிக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று மிருக டாக்டர் எச்சரித்திருந்தார். ஆகவே அவன் சாப்பிட்ட பிறகு நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதாவது படிப்பேன். அவனும் கேட்பதுபோல் படுத்திருப்பான். சிமெண்டுத் தரையில் படுத்து முழங்கை தோல் காய்த்துப்போனபோது, கோணிச் சாக்குக்குள் பஞ்சு அடைத்து மெத்தை தைத்தேன். வாலும் ஒரு தொல்லை. சந்தோஷம் வந்தால் அது சாட்டையாகிச் சுவரில் அடிபட்டு நுனியில் ரத்தம் கசியும். அவனுக்கோ எந்நேரமும் சந்தோஷம்தான்.

உருவத்தைப் பார்த்து மிரண்டவர்களுக்கு அவன் குணம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பூனை வாசலில் படுத்திருந்தால், அது எழுந்து போகும்வரை கேட்டுக்கு வெளியே நிற்பான். இடி இடித்தால் மேசைக்கு அடியில் நுழைவான். மேசை அவன் முதுகில் ஏறிக்கொண்டு நடுங்கும். பிடித்தவர்கள் மேல் முழு உடம்பையும் சாய்ப்பான். அதைவிடப் பிடித்தால் பின்பக்கமாக வந்து, முன்கால் தரையில் ஊன்றியபடி, அவர்கள் மடியில் உட்கார்ந்துகொள்வான்.

எனக்கு இருபத்துமூன்று வயதானபோது கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். தன் அப்பா அம்மாவோடு வந்திருந்தார். தம்பியைச் சமையலறைக்குள் அடைத்துக் கதவைச் சாத்தியிருந்தோம். நான் தேநீர்த் தட்டோடு அவன் பக்கத்தில் நின்றிருந்தேன். மத்தியானத்திலிருந்தே இருட்டிக்கொண்டு வந்த வானம், அந்த நேரம் பார்த்து இடித்தது.

தம்பி தலையால் ஒரே முட்டு முட்டினான். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. ஒரே பாய்ச்சலில் ஹாலுக்குப் போய்விட்டான். நான் தட்டோடு பின்னால் ஓடினேன். மாப்பிள்ளை சோபாவிலிருந்து துள்ளி எழுந்து நின்றார். வந்தவரை நிற்க வைப்பது மரியாதையில்லை என்றுதான் அம்மாவுக்குப் பட்டது.

“உக்காருங்க தம்பி, உக்காருங்க!” என்று பதறினார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். தம்பியும் சொல்பேச்சு கேட்டான். பின்பக்கமாக நகர்ந்து போய் மாப்பிள்ளையின் மடியில் உட்கார்ந்தான்.



“அங்கிள்,” என்றார் மாப்பிள்ளை, நாய்க்குப் பின்னாலிருந்து. “இது கடிக்குமா?”

“சே, அது பயந்துபோயிருக்கு லா. இடி!” என்றார் அப்பா.

பெண் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். எனக்கோ தம்பியின் நடுக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது. “காதுக்குப் பின்னால தடவிக் குடுங்க. அடங்கிடுவான்,” என்றேன்.

அவர் தடவினார். தம்பி அடங்கினான், ஆனால் இறங்கவில்லை. தலையைத் திருப்பி அவர் தோளில் வைத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டையில் எச்சில் ஒழுகியது. அதைப் பார்த்த அவருடைய அம்மா முதலில் சேலை முந்தானையால் வாயைப் பொத்தினார். பிறகு பொத்த முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

“என்ன சாப்பிடுவான்?” என்று மாப்பிள்ளை கேட்டார். சொன்னேன். எங்கே தூங்குவான், யார் குளிப்பாட்டுவது என்று கேட்டுக்கொண்டே போனார். சம்பிரதாயம் மறந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு நான் பதில் சொன்னேன். மழை விட்டபோது பலகாரம் தீர்ந்திருந்தது. அவர் எழுந்து நிற்க அப்பாவின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

அடுத்த ஞாயிறு கையில் கோழிக் கழுத்துப் பையோடு தனியாக வந்தார். “தம்பியைப் பார்க்க வந்தேன்,” என்றார். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, “நல்லாப் பாருங்க,” என்றார்.

தம்பியை நடக்கக் கூட்டிப்போனபோது அவரும் கூட வந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும், “ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார். “அன்னைக்கு எனக்குத் தைரியம்னு நினைச்சிடாதீங்க. எழுந்திரிக்க முடியல, அவ்வளவுதான்.”

எனக்கு அப்போதுதான் அவரைப் பிடித்தது.

கல்யாணம் முடிந்து நான் கிள்ளானுக்குப் போனேன். தம்பி பிரிக்பீல்ட்ஸில் அப்பாவோடு இருந்தான். இரண்டாவது வாரமே அப்பாவிடமிருந்து போன் வந்தது. “சட்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்மா. வாசலையே பாத்துக்கிட்டிருக்கான். உங்க வீட்டுலதான் இடம் இருக்கே, நீயே வச்சுக்கோ,” என்றார்.

என் கணவர் நண்பரின் லோரியைக் கேட்டு வாங்கினார். பின்னால் மெத்தையைப் போட்டுத் தம்பியை ஏற்றி, நானும் கூட ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் காதுகள் காற்றில் பறக்க நின்றுகொண்டு வந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் பக்கத்து பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. வீடு வந்ததும் கஞ்சி, கோழி, எங்களுக்கு வைத்திருந்த இட்லி எல்லாவற்றையும் தின்றுவிட்டு, மடிக்கு ஆள் தேடினான். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள். எங்களைப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்த ஜாதிக்கு ஆயுள் குறைவு. தம்பி ஒன்பது வயதுவரை இருந்தான், டாக்டரே ஆச்சரியப்பட்டார். அந்த வருஷங்களில் எதை நினைத்தாலும் எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் முதலில் வருகிறது. தவழ்ந்துகொண்டிருந்த என் மகள், நின்றிருந்த தம்பியின் முன்னங்காலைப் பற்றி, தோலைக் கொத்தாகப் பிடித்திழுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்து நின்றாள். ஆடிக்கொண்டிருந்த வால் சட்டென்று நின்றது. அவன் கல்லாகிவிட்டான். கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான்.

“அப்படியே நில்லு தம்பி,” என்றேன். நின்றான்.