லேப்டாப்பின் மேல் போட்ட பழி

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் நிறம் சரிபார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் ஈரம் காயாத ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பேன். கம்பெனியில் லேப்டாப் கொடுத்த பிறகு முதல் பார்வை திரையில்தான். அதிலிருந்து தொடங்கியது உபத்திரவம். மதியத்துக்குள் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தும். சாயங்காலம் விருதுநகர் பஸ்ஸில் ஏறினால் ஆமத்தூர் வரும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன். இடது புருவத்துக்கு மேலே ஆணி அடித்தாற்போல் வலிக்கும்.

எதையும் முறைப்படி செய்கிறவன் நான். எத்தனை மணிக்கு எரிச்சல் ஆரம்பித்தது, எப்போது அடங்கியது என்று தினமும் டைரியில் எழுதினேன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். ஜன்னலுக்கு எதிரே இருந்த மேஜையைத் திருப்பிப் போட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள் மனைவி, குளித்தேன். லேப்டாப் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வலி குறைந்தது. எனக்கு அது போதும், குற்றவாளி யாரென்று முடிவு கட்டிவிட்டேன்.

மெஷின் ஓட்டுகிறவர் ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க மொறைக்கிற மொறைப்புல திரைக்குள்ள இருக்க சரவெடியே வெடிச்சிரும் போலருக்கு. போயி ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க.”

கம்ப்யூட்டருக்கென்று விற்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி வரும் எண்ணத்தில்தான் விருதுநகரில் கண் டாக்டரிடம் போனேன். முதலில் ஒரு பெண் என்னை இருட்டறையில் உட்காரவைத்து, இடது கண்ணை ஒரு தட்டால் மறைத்தாள். எதிரே வெளிச்சப் பலகையில் இருந்த எழுத்துகளைக் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தட்டை வலது கண்ணுக்கு மாற்றினாள்.

எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் மட்டும் இருந்தது.

“ஏம்மா, போர்டு லைட்ட அணைச்சிட்டியா?” என்று கேட்டேன்.

“லைட் எரியுது சார்,” என்றாள்.

தட்டை நானே விலக்கிப் பார்த்தேன், எழுத்துகள் இருந்தன. மறைத்தேன், மூட்டம். மறுபடியும் விலக்கினேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன்.

இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, வலதிலும் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இமைக்காமல் திரையைப் பார்ப்பதால் கண் காய்ந்து உறுத்துகிறது. அது லேப்டாப் செய்தது. புரை அது செய்ததல்ல. பல மாதங்களாக வலது கண் ஒன்றேதான் வேலை பார்த்திருக்கிறது. இத்தனை நாள் தெரியவில்லையா என்று அவர் கேட்டார்.

எப்படித் தெரிந்திருக்கும்? நிறங்கள் விலகாமல் ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருக்கின்றனவா என்று ஷீட்டின் மேல் சின்ன லென்ஸை வைத்துப் பார்ப்பது எங்கள் வேலை. அப்போது இடது கண்ணை மூடிக்கொள்வேன். வேலைக்குச் சேர்ந்த நாளில் பழகியது. உற்றுப் பார்க்க வேண்டியது எதுவானாலும் இடது கண் தானாகவே மூடிக்கொள்ளும். லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபோதும் நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன்; புருவத்து வலி வந்ததும் அதனால்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“பேப்பர் படிக்கையிலயும் ஒரு கண்ணச் சுருக்குவீக. தொழில் பழக்கம்னுல்ல நெனச்சேன்,” என்றாள்.

இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, டாக்டர் அனுமதி தந்த பிறகு வேலைக்குத் திரும்பினேன். லேப்டாப்பில் ஒரு லேபிளைத் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் மத்தாப்பூ. அந்த வெள்ளையில் கண் கூசியது. இப்படியும் ஒரு வெள்ளையா என்று வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். அதே வெள்ளை பழைய செய்தித்தாளின் நிறத்தில் இருந்தது. நீலம் மங்கிக் கிடந்தது. வலது கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதன் பொருள் அப்போதுதான் உறைத்தது. என் நல்ல கண் என்று நான் நம்பியிருந்தது அது. அந்தக் கண்ணால்தான் ஒவ்வொரு லேபிளுக்கும் ‘நிறம் சரி’ என்று சொல்லி வந்திருக்கிறேன்.

எழுந்து முதலாளியின் அறைக்குப் போனேன். அந்தக் கண்ணுக்கும் அறுவை முடிகிறவரை நிறம் பார்க்க வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். என்னிடம் இந்த வேலை திரும்பி வராமலும் போகலாம் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “சீசன் நேரத்துல இப்படிச் சொல்றீகளே அண்ணாச்சி,” என்றார். பிறகு, பழக்கத்தில் தன் திரையை என் பக்கம் திருப்பினார். “சரி, இந்த மஞ்ச மட்டும் ஓகேயான்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க.”

வலது கண்ணைத் தனியாக மூட எனக்கு வரவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தேன்.