வெள்ளம் வந்தால் ஓடுகிறவள்

வாயில் ஊற்றிய தண்ணீரை அஜிதா உடனே விழுங்கமாட்டாள். கன்னத்துக்குள் ஒரு சுற்று சுற்றி, கண்ணை மேலே உருட்டி, அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. "கொள்ளாம்" என்றால் நல்ல கிணறு. "உப்பு ஏறிட்டு, கேட்டியளா" என்றால் அந்த வீட்டுக்காரிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாண வீடு, சாவு வீடு என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்: "பெண்ணு பாக்க வாறவனுக்க வீட்டு வெள்ளத்தயும் குடிச்சுப் பாத்துட்டுதான் இவ சம்மதிப்பா."

கருங்கலுக்குத் தெற்கே கடலோரத்து ஊர். அப்பா மரியஜான் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். அஜிதா நாகர்கோவிலில் வேதியியல் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. பையில் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் சின்னச் சின்னக் குப்பிகள் கிலுங்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டுக் கிணறு. பஸ் கண்டக்டர் ஒருமுறை சந்தேகப்பட்டு ஒன்றைத் திறந்து மோந்தே பார்த்துவிட்டார். கடல் உப்பு ஊருக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது, எந்தக் கிணற்றோடு நிற்கிறது என்பதுதான் அவளுடைய பைத்தியம்.

இங்கே ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் குடிப்பதும் குளிப்பதும் வெள்ளம். தண்ணி என்றால் அது சாயங்காலம் ஆண்கள் மறைவாகப் போய்க் குடித்துவிட்டு வருகிற சமாச்சாரம். போதாது என்பதற்குக் காணாது என்பார்கள். இதெல்லாம் ஊருக்குள் இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை.

சென்னையில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. இளங்கலை மாணவர்களைக் கோடை விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் இரண்டாம் ஆண்டு முடிக்கிறவர்களுக்கு மட்டும்தான். இந்தக் கோடையை விட்டால் அஜிதாவுக்கு வேறு கோடை கிடையாது. வள்ளத்துப் பங்கை நம்பி யாரும் விமானம் ஏற முடியாது. எழுதிப் போட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், செல்போன் வீடியோவில்.

இங்கிலீஷில் உருப்போட்டுவைத்திருந்தாள். குசினியில், குளியலறையில், பஸ்ஸில் எல்லாம் முணுமுணுத்து அம்மாவுக்கே பாதி மனப்பாடம் ஆகியிருந்தது. அறக்கட்டளைத் தலைவரோ நல்ல மனுஷர். "பதற்றப்படாதம்மா, தமிழ்லயே சொல்லு" என்றார். அந்த அன்பில்தான் எல்லாம் கெட்டது.

"எங்க ஊருல வெள்ளம் காணாது சார்."

"காணாதா? சரி, வந்தா என்ன பண்ணுவீங்க? வீட்டை விட்டுப் போயிடுவீங்களா?"

"எங்கயும் போவமாட்டோம் சார். குடத்த எடுத்துட்டு ஓடுவோம்."

"குடத்தையா?"

"ஆமா சார். சின்னப் பிள்ளைய எல்லாம் வெள்ளம் வருது, வெள்ளம் வருதுன்னு சந்தோசமா விளிச்சுச் சொல்லும்."

திரையில் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவள் எழுதிக் கொடுத்ததை அவர் எவ்வளவு படித்தார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நாலைந்து நாளில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "உங்களுக்குக் கிடைச்சிடுச்சு அஜிதா. வெள்ளத்துக்குப் பயப்படாத ஊருன்னு தலைவர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார். நெதர்லாந்துல வெள்ளத் தடுப்பு ஆய்வகத்துலயே உங்களுக்கு இடம் கேட்டிருக்கோம்." நன்றி சொல்லிப் போனை வைத்தபிறகுதான் அஜிதாவுக்கு உறைத்தது. சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அப்பாவைத் தேடிப் போய்விட்டாள்.

மரியஜான் விஷயத்தைக் கேட்டார். "நீ வாயத் தொறக்காம மிண்டாத இரி மக்கா. அங்க போயி, ரெண்டும் வெள்ளந்தான்னு சொல்லு. அவன் ஆளனுப்பியா பாக்கப்போறான்?"

"எனக்குத் தெரியாதத தெரியும்னு அங்க போயி நிக்க வராதுப்பா. மழவெள்ளத்தப் பத்திப் படிக்கிய எந்தப் பிள்ளைக்க இடமோ அது."

"அப்ப உனக்க இடம்?"

மறுநாள் மதியம் அவளே சென்னையில் அந்த அலுவலகப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "மேடம், எங்க ஊரு வெள்ளம் உங்க ஊரு வெள்ளம் இல்ல. எங்களுக்குக் குடிக்கியதுதான் வெள்ளம். எனக்க ஆராய்ச்சி கிணத்து உப்பப் பத்தியாக்கும்."

"அப்போ அந்தக் குடம்?"

"குழாயில வரும்லா மேடம், அதுக்கு."

அந்தப் பெண் அடக்கமுடியாமல் சிரித்தாள். உடனே அலுவலகக் குரலுக்குத் திரும்பினாள். "நெதர்லாந்து இனி முடியாது. மத்தத தலைவர்தான் சொல்லணும். கிடைக்கும்னு என்னால சொல்ல முடியல."

அதற்குப் பிறகு அஜிதா கல்லூரிக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர பயந்துபோய்த்தான் இருந்தாள். செய்தது சரிதானா என்ற கேள்வி அவளையும் விட்டுவைக்கவில்லை.

சென்னைப் போன் வந்த அன்று, தெருக்குழாயிலும் வெகுநாள் கழித்து அப்போதுதான் வெள்ளம் வந்திருந்தது. பிள்ளைகள் கூப்பாடு போட, அஜிதா இடுப்பில் குடத்தோடு படியிறங்கிவிட்டாள். கையில் போன் அடித்தது. நம்பரைப் பார்த்து அப்படியே நின்றாள். மரியஜான் அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். அந்தத் தெருவில் குழாய் வரிசையில் ஆண்பிள்ளை நின்ற சரித்திரமே இல்லை.

"அண்ணே, வழி தெரியாம வந்துட்டியளா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்து, அவருக்கு முதலில் வழிவிட்டார்கள். குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு அவர் வீட்டு வாசலையே பார்த்தார்.

வாசலில் அஜிதா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "கிணத்து உப்பு பாக்கிய வேற ஆய்வகமா மேடம்? அதுக்கும் பணம் நீங்கதானா?" பதிலைக் கேட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அப்பாவைப் பார்த்து ஆமென்று மெல்லத் தலையசைத்தாள்.

குடம் நிறைந்து, வழிந்து, அவர் கால்களை நனைத்துத் தெருவில் ஓடியது. மரியஜான் குழாயை அடைக்கவில்லை. ஒரு செம்புக்குச் சண்டை பிடிக்கிற அந்த வரிசையில் ஒருத்தியும் அவரை ஏசவில்லை.