ஹனீபாவைச் சுகம் விசாரிக்கப் போனோம்

கூட்டாளி ஹனீபாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; காலில் புண். வெளியே வராமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். சாப்பாடும் இறங்குவதில்லை.

புண்ணுக்கு மருந்து கட்ட வரும் நேர்ஸ் தங்கச்சி நேற்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "காக்கா, மருந்த நான் கட்டுறன். இப்படித் தனியக் கிடந்தா அவர் சாப்பிடவும் மாட்டார், புண்ணும் ஆறாது. நாலு பேரக் கூட்டி வந்து கதைங்க."

சரியென்று, இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் இருந்த மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனேன்.

எங்களைக் கண்டதும் ஹனீபா எழும்பி உட்கார்ந்தான். "வேலையில்லாத கூட்டமெல்லாம் ஒண்டா வந்திரிக்கி, பிளேன்டி ஊத்துங்க" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தான். அவள் சோற்றையும் கொண்டுவந்து வைத்தாள். அவனும் பிசையத் தொடங்கினான்.

அப்போதுதான் ஒருவர் அவன் காலைப் பார்த்தார். "என்ட மச்சானுக்கும் இப்படித்தான். முதல்ல விரல வெட்டினாங்க, பொறவு முழங்கால்."

அடுத்தவர் விடுவாரா? "எங்கட சாச்சாக்கு ரெண்டு காலும் போச்சு. பொறவு ஆளும் மவுத்து."

மூன்றாமவர், "எல்லாம் அல்லாட நாட்டம்" என்று முடித்துவைத்தார்.

ஹனீபா கையைக் கழுவிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "மச்சான், இனி ஒருத்தரயும் கூட்டி வராத" என்றான் என்னிடம்.

வாசலில் செருப்பைப் போடும்போது மூவருக்கும் மனம் நிறைந்திருந்தது. "நம்மளக் கண்டது அவருக்குப் பெரிய ஆறுதல்" என்றார்கள்.

நாளைக்கும் போகத்தான் போகிறேன். வரக்கூடியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். சீனியில் மவுத்தான சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார், எனக்கும் இருக்கிறார். அவரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.