பொன்னாடைகள் குடியிருந்த அறை

முதலில் அந்தக் கதவைச் சொல்லிவிடுகிறேன். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் முதியோர் மன்றத்தின் பின்பக்கம், கேரம் பலகைகளைத் தாண்டி, வெளிர்பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கதவு உண்டு. அதற்கு மேல் பளிங்குக் கல்வெட்டு. ஒரு நகைக்கடைக் குடும்பத்தார் தங்கள் தாயாரின் புனித நினைவாக முதியோர் பயன்பாட்டுக்குக் கட்டிக்கொடுத்த கழிவறை என்று தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கும். கல்வெட்டுக்குக் கீழே ஒரு பூட்டு. தாராவியில் என் அப்பா வேலை பார்த்த தோல் கிடங்கில் தொங்கிய பூட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம். அந்தக் கதவின் முன்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கோபப்படாமல் எழுத வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நகைச்சுவை எழுத்தாளன் என்று பெயர் வாங்கியவன் கோபப்பட்டால் ஜனங்கள் அதையும் ஜோக் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டாவது பத்திக்கே தீர்மானம் தாங்காது போலிருக்கிறது.

அவர் என் பழைய மேலதிகாரி. ஃபோர்ட் பகுதியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அவர் புதிதாகப் பதவி உயர்ந்திருந்த எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்ட். எல்லோருக்கும் மேடம். எனக்கு அவரைப் பிடிக்காது என்பதை இப்போது சொன்னால் பாதகமில்லை. நான் டீ குடிக்க எழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து உட்காரும்போது மறுபடியும் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பல வருஷம் நாக்கு வெந்த நிலையில் டைப் அடித்தேன். எங்கள் மாடியில் அப்போது பெண்களுக்குக் கழிவறை கிடையாது. பெண்கள் இரண்டு மாடி இறங்கி வேறொரு கம்பெனியின் தயவில் போய்வர வேண்டும். மேடம் சூப்பரின்டெண்டென்ட் ஆன முதல் வாரம், ஒரு நாள் காலையில் எழுந்து, நேராக மேனேஜரின் அறைக்குள் போய், அவருடைய சொந்த பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் செக்‌ஷனில் இருந்த மற்ற பெண்களையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் அந்நேரம் யாரோ பெரிய கிளையண்டோடு பேசிக்கொண்டிருந்தாராம். அடுத்த மாதம் எங்கள் மாடியில் ரிக்கார்டு ரூமை இடித்துப் பெண்களுக்குக் கழிவறை கட்டினார்கள். மேடம் அதைப் பற்றி எங்கேயும் பெருமை பேசியதில்லை. நான் டீ குடிக்கப் போகும்போது கடிகாரத்தைப் பார்ப்பதையும் விடவில்லை.

வருஷங்கள் ஓடி, நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பது என்ற விபரீத முடிவை எடுத்த பிறகு, முதியோர் மன்றத்தில் என்னைப் பேசக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐம்பத்தாறு வயதில் ஒருவனை 'இளைஞர்' என்று அறிமுகப்படுத்தும் இடம் பம்பாயில் அது ஒன்றுதான்; அதனாலேயே கூப்பிட்ட போதெல்லாம் போனேன். அங்கேதான் மேடத்தை மறுபடி பார்த்தேன். கேரம் பலகையின் முன் முதுகு வளையாமல் உட்கார்ந்து, ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, லேட்டு" என்றார். நான் கை கட்டி நின்றேன். பழக்கதோஷம்.

மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாட்டுங்காவில் பிறந்து, அதே வாடகை வீட்டில் தங்கையோடு இருந்து, தங்கையையும் அங்கிருந்தே கடைசி யாத்திரைக்கு வழியனுப்பியவர். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று பில்டர் வந்தபோது, வடாலாவில் ஒரு நெட்டைக் கட்டடத்தில் தற்காலிகமாகக் குடிபோனார். தற்காலிகம் என்பதற்கு பில்டர்களின் அகராதியில் என்ன பொருள் என்று பம்பாய்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டடத்தில் அவரோடு பேசுவது லிஃப்ட் ஒன்றுதான். அதுவும் கதவை மூடு என்று மட்டும் சொல்லும். அவர் தமிழ் பேசுவதும், சண்டை போடுவதும், ஒருவரை ஜெயிப்பதும் வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து மன்றத்துக்கு வரும்போதுதான். அந்த இரண்டு நாட்களுக்காக மற்ற ஐந்து நாட்களை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

மன்றம் சும்மா இருக்கும் மன்றமில்லை. மாதம் ஒரு முறை சர்க்கரை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மொபைலில் யாராவது ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள் என்று வகுப்பு எடுப்பார்கள். வட்டமாக நின்று கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி உண்டு. கைத்தடி வழங்கும் விழா ஒன்று நடத்தி, கோல் மாதிரி நிமிர்ந்து நடக்கிற மேடத்துக்கும் ஒரு தடியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அவர் அதை வீட்டில் பரண் கதவைத் தள்ள வைத்துக்கொண்டிருந்தார். இத்தனையும் இலவசம். கழிவறை மட்டும் பூட்டு. திறந்து வைத்தால் வாசலில் பூ விற்கிறவர்களும் டாக்ஸிக்காரர்களும் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது செயலாளரின் வாதம். டைல்ஸ் போய்விடும், நகைக்கடைக்காரர்கள் வருத்தப்படுவார்கள். "மேடம், ஆத்துக்குப் போயிட்டு வந்துடுங்கோளேன், என்ன அவசரம்" என்பார். வீடு வடாலாவில் இருக்கிறது என்பதை அவரிடம் எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோல் வியப்பார். ஆண்களுக்குப் பிரச்சினையில்லை. ரயில்வே கார்டுக்கு அந்த வட்டாரத்தின் எல்லாச் சுவர்களும் பழக்கம்.

மேடம் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. மன்றத்துக்கு வரும் நாட்களில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். காலைக் காபியும் இல்லை. வைகாசி வெயிலில் வறண்ட உதட்டோடு வந்து கேரம் ஆடிவிட்டு, மத்தியானம் பஸ் ஏறிப் போவார். அந்தக் கோடையில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்தார். பார்க்கப் போனபோது என்னிடம் சொன்னார்: "டாக்டர் தண்ணி குடிங்கறார். செகரெட்டரி குடிக்காதேங்கறார். ரெண்டு பேர்ல யார் பெரிய ஸ்பெஷலிஸ்ட்னு தெரியலை." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் செயலாளரிடம் போய்ப் பேசினேன். தாராவியில் வளர்ந்தவன் என்ற முறையில், வாழ்க்கையில் எனக்கு உண்மையாகவே தகுதியுள்ள ஒரே விஷயம் கக்கூஸ் என்று ஆரம்பித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதையே முதியோர் தின விழாவுல பேசுங்கோ சார், பிரமாதமா இருக்கும்" என்றார்.

விழா வந்தது. எண்பதைத் தொட்டவர்களுக்குப் பொன்னாடை. மேடம் அந்த வரிசையில் இருந்தார். நான் அரை மணி நேரம் பேசி, கூட்டத்தை நன்றாகச் சிரிக்க வைத்து முடித்திருந்தேன். சிறப்பு விருந்தினர் எழுந்தார். பேட்டையில் பல கட்டடங்களைத் 'தற்காலிகமாக' இடித்தவர். அந்த நேரத்தில் மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த நானும் மேடமும் ஒரே காட்சியைப் பார்த்தோம். மன்றத்து ஊழியர் பின்பக்கம் போய் அந்தப் பச்சைக் கதவைத் திறந்தார். உள்ளே தரையிலிருந்து மேல்வரை அட்டைப் பெட்டிகள். கழிப்புக் கோப்பையின் மூடி மேலும் பெட்டி. ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைச் செயலாளரிடம் கொடுத்தார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே பொன்னாடைகள். ஜரிகை போட்ட, வியர்க்கவைக்கும், யாரும் என்றைக்கும் போர்த்திக்கொள்ளப் போகாத பொன்னாடைகள். இவர்கள் கிழவர்களுக்குக் கட்டிய கழிவறையில் கிழவர்களுக்குப் போர்த்தும் துணியைச் சேமித்து வைத்திருந்தார்கள். நான் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று பத்திரிகையில் வெட்டியிருப்பார்கள்.

மேடத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விருந்தினர் மைக்கை நீட்டி, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க. நாங்க உங்க பிள்ளைங்க மாதிரி" என்றார். மேடம் மைக்கை வாங்கிக்கொண்டார். ஆபீஸில் மெமோ வாசிக்கும் அதே நிதானக் குரல். "இந்தத் துணியை எந்த ரூம்லேர்ந்து எடுத்துண்டு வந்தேளோ, அந்த ரூமைக் காலி பண்ணி, சாவியை ஆணியில மாட்டி வைங்கோ. நான் வேற எதுவும் கேக்கலை. இப்போவே வேணும். காலம்பறலேர்ந்து உக்காந்திருக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்படியொரு சிரிப்பை என் பேச்சுக்கு வாங்கியதில்லை. விருந்தினர் குலுங்கினார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார் கூடவே வேலை பார்த்தவாளாச்சே, அந்த நகைச்சுவை ஒட்டிண்டுடுத்து" என்று என்னைக் காட்டினார். கைதட்டல் வேறு. மேடம் சிரிப்பு ஓயும்வரை நின்றார். மறுபடி, "நான் ஜோக் சொல்லலை" என்றார். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வருஷக்கணக்காகக் கைதட்டிச் சிரிக்கப் பழக்கப்பட்ட கூட்டம். அடுத்தவர் பெயரை அழைத்துவிட்டார்கள்.

அவர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "எங்கேயாவது கூட்டிண்டு போ" என்றார். பக்கத்து ஓட்டலில் கழிவறை இரும்பு ஏணிக்கு மேலே. ஸ்டேஷனில் பாலத்தின் அத்தனை படிகளுக்கு அப்பால். டாக்ஸியில் ஏற்றி, எனக்குத் தெரிந்த ஒரே இடத்தைச் சொன்னேன். மாட்டுங்காவிலிருந்து தாராவி எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். மேடம் ஆயுள் முழுக்க எட்டிப் பார்க்காமல் இருந்த தூரமும் அதுதான்.

எங்கள் பழைய சந்து முனையில் காசு கொடுத்துப் போகிற கழிவறை. பெண்கள் பக்கம் வழக்கம்போல நீள வரிசை, கையில் வாளிகள், வாயில் சண்டை. அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோதும் இருந்தது: வயசாளி வந்தால் கேட்க வேண்டியதில்லை, வரிசை தானாக விலகும். பரிவு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு வயசாளி உண்டு, அவ்வளவுதான்.

முன்னால் நின்றவள் ஜரிகைப் பொன்னாடையை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன ஆச்சி, கல்யாண வீட்டுலருந்து நேரா வாரீயளோ? ஏட்டி, தள்ளி நில்லு, வயசாளி நிக்காவ."

பின்னால் ஒருத்தி, "யாரு வீட்டு ஆச்சி இது?" என்றாள்.

"யாரு வீட்டு ஆச்சியா இருந்தா உனக்கென்ன, நீயா கட்டிக்கப் போற? பைய இங்க தாங்க ஆச்சி, நா வச்சிருக்கேன். உள்ள வழுக்கும், பாத்து."

மேடம் கைப்பையையும் பொன்னாடையையும் அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, பொன்னாடையை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கையைக் காட்டினார். டாக்ஸியில் ஏறிய பிறகுதான் பேசினார். "நாத்தம் தாங்கலை. ஆனா திறந்திருக்கு." கொஞ்ச தூரம் போனதும், "இங்கேயே ஒரு கேரம் போர்டு போட்டா நான் தினம் வருவேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மன்றத்துக்கு வரவில்லை. நான் செயலாளரிடம் கத்தினேன். நகைக்கடைக் குடும்பத்துக்கு எழுதினேன். இரண்டு பத்திரிகைகளில் கட்டுரையும் எழுதினேன். கட்டுரையைப் படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்ததாக எனக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தார்கள். ரயில்வே கார்டு தினமும் தனியாகக் காய்களை அடுக்கிவிட்டு, யாரையாவது உட்காரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷம் மன்றத்தில் புதிய சேவை ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். தனியாக வசிக்கும் முதியோரை வாரம் ஒரு முறை போனில் கூப்பிட்டுப் பேசுவது. கல்லூரிப் பெண்கள் செய்கிறார்கள். நல்ல குழந்தைகள், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. போன வாரம் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். குரலில் நிஜமான கவலை. "சார், உங்க மேடத்துக்கு மறதி ஆரம்பிச்சுடுத்து போலிருக்கே. போன் பண்ற பொண்ணு சொல்றா. எப்படி இருக்கேள், சாப்பிட்டேளா, தனியா இருக்கறது கஷ்டமா இருக்கா, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தானாம். சாவி கிடைச்சுதா, சாவி கிடைச்சுதான்னு. பாவம், வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டு அதே ஞாபகமா இருக்கா போல." ஞாபக சக்தியைச் சோதிக்க மன்றத்திலேயே முகாம் போடுகிறார்களாம், மேடத்தை நான் எப்படியாவது அழைத்து வர வேண்டுமாம்.

நான் போனை வைத்தேன். சொல்ல வார்த்தை இருந்தது, அச்சிட முடியாது. வடாலாவுக்குப் போய் மேடத்திடம் அப்படியே ஒப்பித்தேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். எனக்குக் காபி கொடுத்திருந்தார், தனக்கும் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டிருந்தார்.

"வரேன்னு சொல்லு" என்றார். "டெஸ்ட்டு எத்தனை நாழி ஆகும்னு மட்டும் கேட்டு வை. அன்னிக்குக் காலம்பற காபி குடிக்கலாமா கூடாதான்னு நான் முடிவு பண்ணணும்."